ஒளி வரைந்ததும் நீர் கரைத்ததும்

சென்னை எழும்பூருக்கு அருகே, முன்னாளில் பூந்தமல்லி நெடுஞ்சாலை என்று வழங்கிய பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையின் ஓரத்தில், செங்கல் நிறத்தில் சில பழங் கட்டடங்கள் மரநிழலில் நிற்பதைக் காணலாம். அதுதான் அரசு கவின் கலைக் கல்லூரி. அந்தச் சாலையிலேயே மேற்கு நோக்கிப் பூந்தமல்லியைத் தாண்டிச் சுமார் 40 கிலோமீட்டர் போனால் ஸ்ரீபெரும்புதூர். ஒரு முனையில், ஓவியம் தீட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி; மறுமுனையில், படம் பிடிக்கும் கைப்பேசிகளைச் செய்து குவிக்கும் ஊர். புகைப்படத்தை நீர்வண்ண ஓவியமாக மாற்றும் கலையைப் பற்றி நான் பேச வேண்டும் என்று கேட்டபோது, இந்த இரண்டு முனைகளும்தாம் என் நினைவுக்கு வந்தன.

சென்ற ஆண்டு நான் ஸ்ரீபெரும்புதூருக்குச் சென்றது இந்தக் கலையை நாடி அன்று, இராமாநுசரைச் சேவிப்பதற்காக. 1017ஆம் ஆண்டில் அவர் அவதரித்த ஊர் அது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ள அவருடைய திருவுருவத்திற்குத் 'தானுகந்த திருமேனி' என்று பெயர். அவர் வாழ்ந்திருந்த காலத்திலேயே சீடர்கள் அந்த உருவத்தைச் செய்வித்தார்கள் என்றும், அவரே அதனை ஆரத் தழுவிக்கொண்டு, 'இதுவும் நானே' என்னும்படி உகந்து ஏற்றுக்கொண்டார் என்றும் வைணவ மரபு கூறும். மேல்கோட்டையில் இருப்பது தமருகந்த திருமேனி. அஃது அடியார்கள் உகந்தது. திருவரங்கத்தில் இருப்பது தானான திருமேனி. ஒரு மனிதருடைய சாயலுக்கு மூன்று நிலைகளை வகுத்து மூன்று பெயர்கள் வைத்தவர்கள் நம் முன்னோர்கள். உருவப் படத்தைப் பற்றிப் பேசுகிறவன் இதை விட்டுவிட்டு வேறெங்கே தொடங்குவது?

தரிசனம் முடிந்து வெளியே வந்தேன். கடைத்தெருவில் ஒரு புகைப்பட நிலையம். வெயிலுக்கு ஒதுங்கிய எனக்கு அங்கே உட்கார ஒரு நாற்காலி கிடைத்தது. தொழிற்சாலைச் சீருடை அணிந்த ஒரு பெண் உள்ளே வந்தாள். வயது இருபது, இருபத்தொன்று இருக்கலாம். அவள் தந்தை இறந்து ஓராண்டு ஆகிறது. ஏதோ ஒரு திருமணப் பந்தியில் அவர் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது. அதைப் பெரிதாக்கி, நீர்வண்ண ஓவியம் போலச் செய்து, சட்டம் போட்டுத் தரும்படி முதல் வாரமே கொடுத்திருந்தாள். கடைக்காரர் படத்தை எடுத்து நீட்டினார். அழகாகவே இருந்தது. பந்தியின் இரைச்சலெல்லாம் மறைந்து, பின்புறம் இளநீல நிறம் கசிந்து பரவியிருந்தது. அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணா, இது எங்க அப்பா இல்லை" என்றாள்.

"ஏம்மா, நல்லாத்தானே வந்திருக்கு?"

"நெத்தியில மாடு முட்டின தழும்பு இருக்கும். அது எங்கே?"

கடைக்காரர் மூலப் படத்தைத் திரையில் வரவழைத்தார். இடப்புருவத்திற்கு மேலே அந்த வடு தெளிவாக இருந்தது. ஓவியமாக மாறியதில் அது இல்லை. அதை அவர் அழிக்கவில்லை. அழிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. அப்படியானால் வடு எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால் இருநூறு ஆண்டுகளுக்குமேல் பின்னோக்கிச் சென்று வரவேண்டும்.

தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் சித்தப்பனும் மகனும் போன்ற இருவர் (உறவு முறையில் தாமஸ் சிற்றப்பா, வில்லியம் அவருடைய அண்ணன் மகன்) 1786ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தனர். 1792இல் சென்னையை அடைந்து, அங்கிருந்து தென்கோடிவரை பயணம் செய்தனர். அவர்களிடம் 'காமிரா அப்ஸ்கியூரா' என்ற இருட்டுப்பெட்டி ஒன்று இருந்தது. பெட்டியின் முகப்பில் ஒரு வில்லை. எதிரே உள்ள கோபுரத்தின் ஒளி அதன் வழியே புகுந்து உள்ளேயுள்ள தாளில் சிறு பிம்பமாக விழும். அந்தப் பிம்பத்தின் மேலேயே பென்சிலால் கோடிழுத்து, பிறகு நீர்வண்ணம் பூசிக்கொள்வார்கள். கோட்டை வரைவது ஒளி. நிறத்தைத் தேர்வது மனிதன். தஞ்சைப் பெரிய கோயிலை அவர்கள் இவ்விதம் தீட்டி, இங்கிலாந்துக்குத் திரும்பிய பின் செப்புத் தகட்டில் பொறித்து வெளியிட்டனர். தகட்டின்மேல் குங்கிலியப் பொடியைத் தூவி, அமிலத்தில் சிறிது சிறிதாக அரிக்கவிட்டால், அச்சில் நீர்வண்ணப் பூச்சைப் போன்ற மெல்லிய சாயைகள் விழும். அதன்மேல் கையால் வண்ணம் தீட்டுவர். 1795 முதல் 1808 வரை இவ்வாறு வெளிவந்த படங்கள் 144. இயந்திரத்தைக் கொண்டு நீர்வண்ணத்தின் தோற்றத்தைப் படியெடுக்கும் ஆசை இன்று நேற்று வந்ததன்று என்பதை இதனால் அறியலாம்.

ஆனால் எல்லாருக்கும் கை வருமா? 1833ஆம் ஆண்டில் இத்தாலியில், கோமோ ஏரிக்கரையில் உட்கார்ந்து, ஒரு கண்ணாடிப் பட்டகத்தின் துணையோடு படம் வரைய முயன்ற ஆங்கிலேயர் ஒருவர் தோற்றுப் போனார். வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்பது அவர் பெயர். 'தாளில் விழும் இந்தப் பிம்பம் தானே அங்குப் பதிந்து நின்றுவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்!' என்று அவர் எண்ணினார். அந்த எண்ணத்தில் பிறந்ததுதான் தாளில் நெகட்டிவ் எடுக்கும் முறை. 1841இல் அவர் அதைச் செம்மைப்படுத்தினார். புகைப்படக்கலைக்கு ஒரு தாய் ஓவியம் தீட்டத் தெரியாத ஏக்கம் என்று சொன்னால் தவறாகாது. இன்று நாம் அந்தப் புகைப்படத்தையே பிடித்து மீண்டும் ஓவியமாக்கு என்று கேட்கிறோம். பிள்ளையைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது போல!

நிற்க. நாம் சென்னைக்குத் திரும்புவோம். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். நான் முதலில் குறிப்பிட்ட கவின் கலைக் கல்லூரி அதன் வழிவந்ததே. ஹண்டருக்குப் புகைப்படக் கலையிலும் மிகுந்த ஈடுபாடு உண்டு. அதே காலத்தில், 1856இல், சென்னை அரசாங்கம் தன் புகைப்படக்காரராக ஒரு படைத்தலைவரை நியமித்தது. அவர்தாம் லின்னேயஸ் ட்ரைப். வடக்கே பெரும் கிளர்ச்சி மூண்டிருந்த 1857ஆம் ஆண்டின் இறுதியில், மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு அவர் தெற்கே புறப்பட்டார். திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று அடுத்த ஆண்டின் முற்பகுதிவரை சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை விடாமல் படம் பிடித்து, 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். எழுத்தெழுத்தாகப் படியெடுக்க ஒரு மனிதனுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய துல்லியம் படைத்தவர் செய்த ஒரு காரியந்தான் நம் கதைக்கு முக்கியமானது. அக்காலத்து நெகட்டிவ் தாள்களில் பூசிய வெள்ளி உப்பு, நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்றாக உணரும். பச்சையையும் சிவப்பையும் ஏறக்குறைய உணராது. ஆகவே நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளைத் தாளாக வந்துவிடும். மரங்களோ கரிய மொத்தையாகிவிடும். தஞ்சையின் வானில் ஒரு மேகங்கூட இல்லாமற் போயிற்று! ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? தூரிகையை எடுத்து, நெகட்டிவ் தாளின்மேல் நிறமியைப் பூசி, மேகங்களைத் தாமே தீட்டினார். இலைகளின் ஒளியையும் அவ்வாறே சேர்த்தார். நெகட்டிவில் நிறமி பூசிய இடத்தில் ஒளி தடைபடும். அச்சில் அந்த இடம் வெளுத்துத் தோன்றும். ஆகவே எதையும் தலைகீழாக எண்ணித் தீட்ட வேண்டும். கல்வெட்டில் ஓர் எழுத்தையும் மாற்றாத அதே கை, வானத்தில் இல்லாத மேகத்தை வரைந்திருக்கிறது. இதைப் பொய் என்பதா? என் கருத்தில் இது பொய் அன்று. எந்த இடத்தில் கருவியை நம்ப வேண்டும், எந்த இடத்தில் தன் கண்ணை நம்ப வேண்டும் என்று அவர் ஒவ்வோர் அங்குலத்திலும் முடிவு செய்திருக்கிறார். பாவம், அவருடைய பணி நீடிக்கவில்லை. 1859இல் கவர்னர் டிரெவெலியன் இச்செலவை வீண் செலவென்று கருதி நிறுத்திவிட்டார்.

அதன் பிறகு வந்தது புகைப்படத்தின்மேல் வண்ணம் தீட்டும் காலம். வடநாட்டு அரண்மனைகளில் சிற்றோவியம் தீட்டிவந்தவர்கள், புகைப்படத்தின்மேல் அடியிலுள்ள படமே தெரியாதபடி வண்ணத்தை அப்பினார்கள். நம் ஊர்களில் புகைப்பட நிலையத்தார் கருப்பு வெள்ளைப் படத்தின்மேல் ஊடுருவித் தெரியும் நீர்வண்ணத்தை மெல்லப் பூசினார்கள். சாயம் ஏற்றிய சிறு தாள்துண்டை நீரில் கரைத்து, குச்சி முனையில் பஞ்சைச் சுற்றித் தோய்த்து, கன்னத்தில் இளஞ்சிவப்பும் புடைவைக் கரையில் பச்சையுமாக ஏற்றுவார்கள். நம்மில் பலருடைய வீட்டுக் கூடத்தில் பாட்டனாரும் பாட்டியாரும் இன்றும் அந்தச் சாயத்தில்தான் வீற்றிருக்கிறார்கள். தீட்டுகிறவர் பக்கத்தில் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு, 'அம்மாவின் மூக்குத்தி சிவப்பா, வெள்ளையா?' என்று கேட்பார். காமிரா கண்டறியாததை, அந்த அம்மாளைக் கண்டறிந்தவர் வாயால் கேட்டுச் சேர்த்தார்கள். காமிரா புக முடியாத கருவறைகளுக்குள்ளும் ஓவியர் புகுந்ததுண்டு. 'சில்பி' என்று பெயர் பூண்ட பி. எம். சீனிவாசன், ஹண்டர் தொடங்கிய அதே பள்ளியில் பயின்றவர். ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகச் சென்று, இறைவன் திருமுன்னரே அமர்ந்து, விளக்கொளியில் கண்டதைத் தீட்டினார்.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். கணிப்பொறிக்குப் புகைப்படம் என்பது எண்களின் கட்டம். படத்தை நுண்ணிய சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஒளியையும் நிறத்தையும் எண்களாகக் குறித்துக்கொள்கிறது. அந்தச் சதுரத்தைப் படப்புள்ளி என்போம். கட்டத்தை ஓவியமாக்க வேண்டுமானால் எண்களை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்று ஓவியத் தோற்றம் தரும் புகழ்பெற்ற முறைகளுள் ஒன்று ஓவியர்களுக்காகப் பிறந்ததே இல்லை. 1976இல் ஜப்பானில் குவஹாரா என்பவரும் அவருடைய துணைவர்களும், கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுத்த இதயப் படங்களில் உள்ள புள்ளிக் கலக்கத்தை நீக்குவதற்காக ஒரு முறை வகுத்தனர். அது மிக எளியது. ஒரு படப்புள்ளியை நடுவில் வைத்து, அதைச் சுற்றி ஐந்துக்கு ஐந்து என்ற கட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள், நடுப்புள்ளியைப் பொது மூலையாகக் கொண்டு மூன்றுக்கு மூன்று என்ற அளவில் நான்கு சதுரங்கள் அமையும். ஒவ்வொரு சதுரத்திலும் எண்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று கணக்கிட வேண்டும். எதில் வேறுபாடு மிகக் குறைவோ அந்தச் சதுரத்தின் சராசரியை நடுப்புள்ளிக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒரு சதுரத்தில் 80, 81, 82 என்ற எண்களே இருக்க, மற்றொன்றில் 80, 20, 75 என்று ஏறியிறங்கினால், முன்னதுதான் வெல்லும். படம் முழுவதும் இப்படிச் செய்தால் சிறுசிறு ஏற்றத்தாழ்வுகள் அடங்கி, அங்கங்கே சமமான நிறத்திட்டுகள் உண்டாகும். ஆனால் முகத்திற்கும் பின்சுவருக்கும் இடையேயுள்ள பெரிய எல்லை கலங்காமல் நிற்கும். ஏனெனில் எல்லைக்கு இப்புறமுள்ள புள்ளி இப்புறத்துச் சதுரத்தையே தேர்ந்துகொள்கிறது. அகலத் தூரிகையால் இழுத்தது போன்ற தோற்றம் வருவது இதனால்தான்.

வடு எங்கே போயிற்று என்பது இப்போது விளங்கும். கணக்கின் கண்ணுக்கு அது வடு அன்று; மெல்லிய ஏற்றத்தாழ்வு. அதன் இருமருங்கிலும் உள்ள புள்ளிகள் வடு இல்லாத சதுரத்தையே நாடும். வடுவின்மேலேயே உள்ள புள்ளியும் அண்டையிலுள்ள தோலின் நிறத்தோடு சராசரியாகக் கலந்து வெளிறும். கட்டத்தைப் பெரிதாக்கினாலோ இரண்டு மூன்று முறை திரும்பச் செய்தாலோ சுவடே இராது. எல்லா மென்பொருளும் இதே கணக்கைச் செய்வதில்லை. ஆயினும் சிறு வேறுபாட்டை விலக்கிப் பெருந்திட்டை நிறுத்துவது அவற்றுள் பலவற்றுக்கும் பொது.

1990ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள். நால் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் என்னும் மென்பொருள் அவ்வாண்டில்தான் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் பால் ஹேபர்லி என்பவர், புகைப்படத்திலிருந்து நிறத்தை எடுத்துக்கொண்டு திரையில் தூரிகைத் தீற்றல்களாக இடும் முறையை வெளியிட்டார். பிறகு 1996இல், அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்து மாணவர் இருவர் எழுதிய கிம்ப் என்ற மென்பொருள் எவரும் விலையின்றிப் பயன்படுத்தும்படி வெளிவந்தது. உங்களைப் போன்ற மாணவர்கள்தாம் என்பதை நினைவில் வையுங்கள்.

இவையெல்லாம் ஓவியத்தின் தோற்றத்தைத் தந்தனவேயன்றி, நீரை அறியவில்லை. நீர்வண்ணத்தின் உயிர் நீர் அல்லவா? 1997இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காசிடி கர்ட்டிஸும் அவருடன் உழைத்தவர்களும், தாளில் நீர் ஓடுவதையே கணக்கிட்டுப் பார்த்தனர். தாளின்மேல் ஓடும் நீர் ஓர் அடுக்கு. தாளில் படியும் நிறமி ஓர் அடுக்கு. தாளின் நார்களுக்குள் உறிஞ்சப்படும் ஈரம் ஓர் அடுக்கு. இந்த மூன்றும் ஒன்றோடொன்று கொடுக்கல் வாங்கல் நடத்தும்படி அமைத்தபோது, கணிப்பொறிக்குள்ளேயே சாயம் கசிந்தது, ஓரம் கறுத்தது. ஓரம் கறுப்பதன் காரணமும் அதே ஆண்டில்தான் துலங்கியது. சிகாகோவில் சில பௌதிக அறிஞர்கள், உலர்ந்த காப்பித் துளியின் விளிம்பு மட்டும் ஏன் கருவளையமாகிறது என்று ஆராய்ந்தார்கள். துளியின் விளிம்பு தாளோடு ஒட்டி நிற்கிறது. அங்கே நீர் விரைந்து ஆவியாகிறது. அந்தக் குறையை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடும்போது துகள்களையும் வாரிக்கொண்டு போகிறது. நாளைக் காலையில் மேசையில் ஒரு சொட்டுக் காப்பியை விட்டுப் பாருங்கள். அம்மாவிடம் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

2015இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்து ஆய்வாளர்கள், ஓர் ஓவியத்தின் நடையைக் கணிப்பொறியே கற்று அதை வேறொரு புகைப்படத்தின்மேல் ஏற்றும் முறையைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே அது கைப்பேசிக்குள் வந்துவிட்டது. அதுமுதல் எவரும் ஒரு பொத்தானைத் தொட்டு எதையும் ஓவியமாக்கலாம்.

அந்தக் கைப்பேசியோ ஸ்ரீபெரும்புதூரில் உருவாகிறது. 2006இல் நோக்கியா நிறுவனம் அங்கே ஆலை திறந்தது. 2014இல் அது மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். 2019இல் ஃபாக்ஸ்கான் நிறுவனம் அவ்வட்டாரத்தில் ஐபோன்களைப் பொருத்தத் தொடங்கியது. அப்பணியில் பெரும்பாலோர் பெண்கள். தொலைவூர்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள். ஒரகடத்திற்கு அருகில் வல்லம் வடகாலில் 2024ஆம் ஆண்டு திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்க இடமுண்டு. அவர்களுள் எத்தனை பேரின் பெட்டியில், ஊரில் விட்டுவந்த ஒரு முகத்தின் படம் இருக்கும்!

கடையில் நின்ற பெண்ணிடம் நான் இந்த வரலாற்றையெல்லாம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு அது எதற்கு? கடைக்காரர்தாம் வேலையைத் தொடங்கினார். ஓவியமாக மாறிய படத்தை மேலடுக்காகவும், பந்தியில் எடுத்த மூலப் படத்தை அடியடுக்காகவும் வைத்தார். மேலடுக்குக்கு ஒரு திரை மறைப்பை இட்டு, சிறு தூரிகையைத் தேர்ந்து, இடப்புருவத்தின்மேல் மெல்லத் துடைத்தார். துடைத்த இடத்தில் மேலடுக்கு விலகி, அடியிலிருந்து வடு எட்டிப் பார்த்தது. முதலில் அது புகைப்படமாகத் துருத்திக்கொண்டு நின்றது. தூரிகையின் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து மறுபடியும் தொட்டார். "தன் அப்பா கலர் தீட்டின காலத்தில் இதைவிட வேகமாகச் செய்வார்" என்று தம்மைப் பற்றியே என்னிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் மேலே, அண்ணா. முடிக்குள்ள போயிருக்கும்."

"இவ்வளவா?"

"இன்னும்."

அவள் நாற்காலியின் பின்னே வந்து நின்றுகொண்டாள். வடுவுக்குப் பிறகு காதோரத்து நரை. அதற்குப் பிறகு மேலுதட்டின் ஓரம். மென்பொருள் ஒரு நொடியில் முடித்த முகத்தை இருவரும் சேர்ந்து முக்கால் மணி நேரம் திருத்தினார்கள். பின்புறத்து இளநீலத்தை மட்டும் அவள் தொடவிடவில்லை. அது நன்றாயிருக்கிறது என்றாள். கடைசியில் தன் கைப்பேசியில் அந்தத் திரையைப் படம் பிடித்துத் தாய்க்கு அனுப்பினாள். சிறிது நேரத்தில் மணி அடித்தது. மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை. "சரிம்மா, சரி" என்று மட்டும் இவள் சொன்னாள். கடைக்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் அச்சுக்கு அனுப்பினார்.

சட்டம் போட இரண்டு நாள் ஆகும் என்றார். அவளுக்கு அந்த வாரம் இரவுப் பணி. காலையில் ஆலைப் பேருந்து இறக்கிவிடும் நேரத்தில் கடை திறந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டு புறப்பட்டாள்.